உள்ளதை உள்ளதென்று சொல்வது: அன்றாடப் பேச்சில் உண்மை பற்றிக் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேதபாட வகுப்புகளிலும் திருமண ஆயத்த வகுப்புகளிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். களவுக்கும் கொலைக்கும் அஞ்சுகிற வீடுகளில்கூட, "அப்பா வெளியே போயிருக்காங்கன்னு சொல்லு" என்பது பொய்க் கணக்கில் சேர்வதில்லை. எதிரில் இருப்பவரின் முகம் முறிந்துவிடுமோ என்ற பயத்தில் வாயில் வந்துவிடும் பொய்கள்தான் நம் வீடுகளில் அதிகம். தாட்சண்யமே அவற்றின் ஊற்று என்று கருதுகிறோம். பதில்களும் அதை ஒட்டியே இருக்கும். வசனங்கள் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பைத் தழுவியவை.

மத்தேயு 5:37 சரியாக என்ன சொல்கிறது?

"உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள், இதற்கு மிஞ்சினது தீமையினால் உண்டாயிருக்கும்" என்பது பழைய மொழிபெயர்ப்பு. கிரேக்க மூலத்தில் இருக்கும் சொற்கள் "ஆம், ஆம், இல்லை, இல்லை" என்பவை. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு இந்த மூலத்தை ஒட்டி, 'ஆம்' என்றால் 'ஆம்' எனவும் 'இல்லை' என்றால் 'இல்லை' எனவும் சொல்லச் சொல்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதலாவது செய்தியைத் தொடுகிறது: நடந்ததை நடந்தபடி சொல். இரண்டாவது வாக்கைத் தொடுகிறது: ஒப்புக்கொண்டால் அது ஒப்புக்கொண்டதாகவே இருக்கட்டும். நாம் அதிகம் வழுக்குவது இரண்டாவதில். பொய்ச் செய்தி சொல்லக் கூசுகிறவர்கள்கூட, போகப்போவதில்லை என்று தெரிந்த விசேஷத்துக்கு "கண்டிப்பா வந்துடுறோம்" என்று கூசாமல் சொல்லிவிடுகிறோம்.

பத்துக் கட்டளை பொய்ச்சாட்சியைத்தானே தடுக்கிறது? சின்னப் பொய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

"பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" (யாத்திராகமம் 20:16) என்ற கட்டளை பிறந்த இடம் வழக்கு மன்றம் என்பது சரிதான். ஒருவன் உயிரும் நிலமும் இரண்டு மூன்று பேர் வாய்ச்சொல்லில் தொங்கிய காலம் அது. அதனால்தான் பொய்ச்சாட்சி சொன்னவன், தான் மற்றவனுக்கு வரவைக்க நினைத்த தண்டனையைத் தானே அடைய வேண்டும் என்று உபாகமம் 19 விதித்தது.

ஆனால் வேதம் அங்கே நிற்கவில்லை. எபேசியர் 4:25 பொய்யைக் களையச் சொல்லும்போது தரும் காரணம், நாம் ஒருவருக்கொருவர் அவயவங்களாயிருக்கிறோம் என்பது. சுடுகிறது என்று விரல் சொன்னால் உடல் நம்பிக் கையை இழுக்கிறது. விரல் ஒருமுறை பொய் சொன்னால் உடலுக்கு விரல் இருந்தும் பயனில்லை. பொய் சின்னதா பெரியதா என்பது இந்த வாதத்தில் வருவதே இல்லை.

கட்டளையின் எண்ணைப் பற்றிக் குழப்பம் வேண்டாம். கத்தோலிக்கருக்கும் லுத்தரன் சபையாருக்கும் இது எட்டாவது கட்டளை, தென்னிந்தியத் திருச்சபை போன்ற மற்றச் சபைகளுக்கு ஒன்பதாவது. கட்டளை ஒன்றே, பிரித்து எண்ணும் முறைதான் வேறு.

அப்படியானால் மனதில் பட்டதையெல்லாம் சொல்லிவிட வேண்டுமா?

வேண்டாம். பொய் சொல்லாதிருப்பது எல்லாரிடமும் எப்போதும் உள்ள கடமை. உண்மை முழுவதையும் திறந்து வைப்பது அப்படிப்பட்ட கடமை இல்லை. எரேமியா ராஜாவோடு தனிமையில் பேசியதைப் பிரபுக்கள் துருவிக் கேட்டபோது, அவர் பேச்சின் ஒரு பகுதியை மட்டும் சொல்லி நிறுத்தினார் (எரேமியா 38). இயேசுவும் சீஷர்களிடம், சொல்ல வேண்டியவை இன்னும் அநேகம் உண்டு, இப்பொழுது தாங்கமாட்டீர்கள் என்றார் (யோவான் 16:12). உண்மையை அறிய உரிமை இல்லாதவரிடம் அதை வெளிப்படுத்த யாருக்கும் கட்டாயம் இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2489) சொல்கிறது.

சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் குழந்தை இல்லை, மகனுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. "அதை நாங்க வெளியில பேசுறதில்லக்கா" என்ற ஒரு வரி போதும். பதில் சொல்ல மறுப்பது மரியாதைக்குறைவு என்று நினைத்து ஒரு தொகையையோ காரணத்தையோ புனைந்து சொல்வதில்தான் பொய் தொடங்குகிறது.

போனில் "இல்லைன்னு சொல்லு" என்பது உலகமெல்லாம் செய்வதுதானே?

பெரியவர்களோடு முடிந்துவிடும் காரியம் என்றால் ஒருவேளை சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். போனை எடுப்பது பெரும்பாலும் பிள்ளை. பொய் நமக்காக, சொல்வது அவன் வாயால். மறுநாள் அதே பிள்ளை ஹோம்வொர்க் பற்றிப் பொய் சொன்னால் அடிக்கிறோம். அவனுக்கு இதில் விளங்குவது, பெரியவர்களுக்குத் தோதான பொய் சரி, தனக்குத் தோதான பொய் தப்பு என்பதுதான்.

மாற்று எளிது. "அப்பா இப்ப பேச முடியாது, சாயங்காலம் கூப்பிடச் சொல்றேன்" என்று சொல்லப் பழக்குங்கள். சாயங்காலம் கூப்பிடுங்கள். கூப்பிடப் போவதில்லை என்றால் அந்த இரண்டாம் பாதியைச் சொல்லச் சொல்லாதீர்கள்.

"ஊசி வலிக்காது", "சாப்பிடலன்னா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்" ஆகியவையும் இதே வகை. ஊசி வலிக்கும். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும், நான் கையைப் பிடிச்சுக்கிறேன்" என்று சொன்னால், அடுத்த ஊசிக்கும் பிள்ளை நம்மை நம்பும்.

"இதோ வந்துட்டேன்", "அஞ்சே நிமிஷம்" இதெல்லாம் பேச்சு வழக்கு. இதையும் பொய் என்பீர்களா?

கேட்பவருக்கும் அது வழக்கு என்று தெரிந்திருந்தால் ஏமாற்று இல்லை. "வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போவதை யாரும் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை. சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: நம் சொல்லை நம்பி அவர் ஏதாவது செய்கிறாரா? வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாரா, அடுப்பில் உலையை ஏற்றுகிறாரா, அரை நாள் லீவு போடுகிறாரா? செய்கிறார் என்றால் அந்த ஐந்து நிமிடம் வழக்குச் சொல்லாக இருக்க முடியாது.

தையல்காரர், எலக்ட்ரீஷியன், அச்சகத்தார் முதலானோர் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். "நாளைக்கு ரெடி" என்று சொல்லாவிட்டால் வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்ற பயம் அவர்களுக்கு. கையில் இருக்கும் வேலையை எண்ணி, கரண்ட் போவதற்கும் ஆள் வராததற்கும் ஒன்றிரண்டு நாள் கூட்டித் தேதி சொல்லுங்கள். தள்ளிப்போகும் என்று தெரிந்த அன்றே நீங்களே போன் செய்து சொல்லுங்கள். தாமதத்தைப் பொறுக்கிறவர்கள்கூட, கடை வாசலுக்கு நாலு முறை நடக்கவைத்ததைப் பொறுப்பதில்லை.

"கர்த்தருக்குச் சித்தமானால் வர்றேன்", "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்று சொல்லித் தப்பிப்பது சரியா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பதில் தெரிந்தே கேட்கிறார்கள். யாக்கோபு 4:15 "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று சொல்லச் சொல்வது, நாளை நம் கையில் இல்லை என்பதற்காக. போக மனமுள்ளவன் பணிவோடு சொல்லும் சொல் அது. அதையே 'வரமாட்டேன்' என்பதற்கு மூடுதுணியாக்கும்போது ஒரு பொய்யோடு தேவனுடைய பெயரும் சேர்ந்துவிடுகிறது. வராத பழியை மெல்ல அவர்மேல் போடுவதாகவும் ஆகிறது.

பவுலுக்கே இப்படி ஒரு சிக்கல் வந்தது. கொரிந்துக்கு வருவதாகச் சொல்லி வராமல் போனார். ஆம் ஆம் என்று சொல்லி இல்லை இல்லை என்று செய்கிற ஆள் என்ற பேச்சு அங்கே எழுந்தது. அவர் அதைச் சின்ன விஷயமென்று விடவில்லை. 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தின் பின்பாதியும் அதன் தொடர்ச்சியும், ஏன் வரவில்லை என்பதற்கு அவர் கொடுத்த விளக்கம். பயணத் திட்டம் மாறுவது குற்றமில்லை. மாறிய காரணத்தைச் சொல்ல வேண்டும்.

மறுக்கத் தெரியாததால்தான் பூசி மெழுகுகிறோம். மறுப்பை இப்படிக் கட்டலாம். அழைப்புக்கு மனதார மகிழ்ச்சி சொல்லுங்கள். அடுத்து 'முடியாது' என்பதை ஒரே வாக்கியத்தில், 'பார்க்கலாம்', 'முயற்சி பண்றோம்' சேர்க்காமல் சொல்லுங்கள். செய்ய முடிந்த ஒன்று உண்மையிலேயே இருந்தால் அதைச் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். "கூப்பிட்டதுக்கு ரொம்ப சந்தோஷம்ணே. ஞாயித்துக்கிழமை எங்களால வர முடியாது. அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கிறோம்."

காரணங்களை அடுக்காதீர்கள். ஒரு காரணம் போதும், காரணமே இல்லாமலும் மறுக்கலாம். இரண்டாவது காரணம் வரும்போதே அது பாதி புனைவாக இருக்கும். "வண்டி இல்ல" என்றால் "நான் அனுப்புறேன்" என்பார் அவர், உடனே மூன்றாவது காரணம் தேட வேண்டியிருக்கும்.

கடன் கேட்டால் "கையில சுத்தமா இல்ல" என்பது இன்னொரு பழக்கப்பட்ட பொய். "இருக்கு மாமா, ஆனா அது பாப்பா பீஸுக்கு வச்சது, அதைக் கொடுக்க முடியாது" என்று சொல்வது முதல் தடவை வாயில் வராது. இரண்டாம் தடவை வந்துவிடும். திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய சிறு தொகையைக் கடனாக எண்ணாமல் கொடுத்துவிடுவதும் நல்ல வழி.

"உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோகிறேன். என்ன செய்வது?

சொன்ன இடத்திலேயே ஜெபித்துவிடுங்கள். வாசற்படியில் நின்று அரை நிமிடம், போனில் இரண்டு வாக்கியம். வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படம் போடுவதற்கு முன் கண்ணை மூடி அந்தப் பெயரைச் சொல்லுங்கள், பிறகு போடுங்கள். நாள்தோறும் ஜெபிப்பதாகச் சொல்லியிருந்தால் பெயரையும் தேதியையும் வேதாகமத்துக்குள் ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள்.

"அம்மா மேல சத்தியமா", "பைபிள் மேல கை வச்சுச் சொல்றேன்" என்று ஆணையிடலாமா?

அன்றாடப் பேச்சில் வேண்டாம். இயேசு காலத்தில் வானத்தின்மேல், பூமியின்மேல், எருசலேமின்மேல், தன் தலையின்மேல் என்று ஆணைகளுக்குத் தரம் பிரித்திருந்தார்கள். தேவாலயத்தின்மேல் இட்டால் கட்டுப்படாது, தேவாலயத்துப் பொன்னின்மேல் இட்டால் கட்டுப்படும் என்ற கணக்கை மத்தேயு 23 எடுத்துக்காட்டிக் கண்டிக்கிறது. தப்பிக்க வழிவிடும் ஏற்பாடாக ஆணை மாறியிருந்தது. "சத்தியமா" என்று ஒரு பேச்சுக்கு மட்டும் முத்திரை குத்தினால், முத்திரை இல்லாத மற்றப் பேச்சு எப்படிப்பட்டது என்ற கேள்வி தானே வரும்.

நீதிமன்றம் வேறு. பிரதான ஆசாரியன் தேவன்பேரில் ஆணையிட்டுக் கேட்டபோது இயேசு பதில் சொன்னார் (மத்தேயு 26:63, 64). பவுலும் தேவனைச் சாட்சியாக அழைத்தார். ஆகவே பெரும்பாலான சபைகள் நீதிமன்றச் சத்தியப் பிரமாணத்தை ஏற்கின்றன. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஏற்கவில்லை. 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆணையிட மறுத்ததற்காகவே பலர் சிறை சென்றார்கள். மனசாட்சி இடம் தராதவர்களுக்கு இன்று அந்தக் கஷ்டம் இல்லை. இந்தியாவில் 1969-ம் ஆண்டின் ஆணைமொழிகள் சட்டம், சத்தியம் செய்வதற்குப் பதில் உறுதிமொழி எடுக்க இடம் தருகிறது. கூண்டில் ஏறும் முன் வழக்கறிஞரிடம் சொல்லி வையுங்கள். இரண்டில் எதை எடுத்தாலும் பொய் சொன்னால் தண்டனை ஒன்றே.

சமையல் நன்றாக இல்லை, சேலை பொருந்தவில்லை, பாட்டு சுருதி சேரவில்லை. கேட்டால் என்ன சொல்வது?

கேட்பவருக்கு எது வேண்டும் என்று முதலில் பாருங்கள். விருந்துக்கு அழைத்த அத்தை ருசிக்கு மார்க் கேட்கவில்லை, தன் பிரயாசம் உங்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிறார். நன்றாக இருந்த ஒன்றைத் தேடிச் சொல்லுங்கள். ரசம் நன்றாக இருந்திருக்கும், அல்லது இத்தனை பேருக்கும் தனியாகச் செய்தது பெரிய காரியமாக இருக்கும். அதைச் சொல்வது பொய்யில்லை.

திருத்த இன்னும் நேரம் இருக்கிறது என்றால் கதை மாறும். கடையில் நிற்கும்போது கேட்டால் "இந்த நிறம் உனக்கு எடுக்கல, அந்தப் பச்சை எடு" என்று சொல்லிவிடுங்கள். உடுத்திக்கொண்டு திருமண மண்டப வாசலில் நிற்கும்போது அந்தத் தகவலால் யாருக்கும் பயனில்லை. பாடகர் குழுவில் ஒருவருக்குச் சுருதி சேரவில்லை என்றால் ஆராதனை முடிந்து எல்லார் முன்னும் சொல்லாமல், அடுத்த பயிற்சிக்கு முன் தனியே, எந்தப் பாட்டில் எந்த வரியில் என்று குறித்துச் சொல்லுங்கள். 'நல்லா இல்ல' என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதை வைத்து அவர் எதையும் திருத்த முடியாது. சிநேகிதன் அடிக்கும் அடிகள் உண்மையானவை என்று நீதிமொழிகள் 27:6 சொல்வது, அந்த அடி பயன்படும் இடத்தில் விழுவதால்தான்.

சொன்னது முழுக்க உண்மை, ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை. இது பொய்யா?

ஆபிரகாம் சாராளைத் "தன் சகோதரி" என்றார். ஆதியாகமம் 20:12-இன்படி அவள் அவர் தகப்பனுக்குக் குமாரத்தி, தாய்க்குக் குமாரத்தியல்ல. சொன்ன சொல்லில் பிழை இல்லை. கேட்டவன் அவளுக்குக் கணவன் இல்லை என்று நம்ப வேண்டும் என்பதற்காகவே அது சொல்லப்பட்டது, கேரார் ராஜா அபிமெலேக்கும் அப்படியே நம்பினான். பிறகு அவன் ஆபிரகாமை அழைப்பித்து, "எங்களுக்கு என்ன செய்தாய்" என்று கேட்டதை, ஒரு அந்நிய ராஜா விசுவாசிகளின் தகப்பனைக் கண்டித்த இடமாகவே வாசிக்க வேண்டியிருக்கிறது. அனனியா, சப்பீராள் கதையும் இதை ஒட்டியது. நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டது அவர்கள் உரிமை என்று பேதுருவே சொல்கிறார் (அப்போஸ்தலர் 5:4). ஒரு பங்கை முழுத்தொகைபோலக் காட்டியதுதான் குற்றம்.

ஆக, மறைப்பதையும் ஏமாற்றுவதையும் பிரிக்கும் கோடு இது: நான் விட்டுவிட்ட பகுதியை அவர் பின்னால் அறியும்போது, "சொல்லலையே" என்று மட்டும் வருந்துவாரா, "என்னை நம்பவைத்துவிட்டாயே" என்பாரா?

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்கிறார்களே. வரன் பார்க்கும்போது எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

மேலே சொன்ன கோடு மிகவும் வேண்டியிருப்பது இந்த இடத்தில்தான். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டியவை: ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதி, முடித்த படிப்பு, அரியர் இருந்தால் அதுவும், வேலை நிரந்தரமா, கான்ட்ராக்டா, கையில் வரும் சம்பளம் (பிடித்தம் போக), தலைமேல் உள்ள கடனும் மாதத் தவணையும், முன்பு நின்றுபோன நிச்சயம் அல்லது முறிந்த மணம், தொடர்ந்து மருந்து சாப்பிடும் எந்த நோயும், மனநல மருத்துவமும் உட்பட, குழந்தைப்பேற்றைப் பாதிக்கும் என்று தெரிந்த எதுவும்.

எல்லாவற்றையும் தரகரிடமோ பயோடேட்டாவிலோ கொட்ட வேண்டாம். நோய், பழைய உறவு போன்றவற்றை மணக்கப்போகும் இருவரும் நேரில், பெரியவர்கள் சற்றுத் தள்ளி இருக்க, தங்கள் வாயாலேயே பேசிக்கொள்வது நல்லது. இந்தப் பேச்சைப் பெற்றோரிடம் ஒப்படைத்தால் 'லேசான சுகர்' என்று போய்ச் சேரும், பிறகு இன்சுலின் பெட்டியைப் பார்க்கும் அன்று வீடு இரண்டாகும். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று குடிப்பழக்கத்தை மறைப்பதை நாங்கள் கடுமையாகவே சொல்வோம்: அது அடுத்த வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையை வைத்துச் செய்யும் வைத்தியம்.

கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பது, தடை தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்பதற்காகத்தான். சம்மதம் பெறுவதற்காக, மணவாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு தன்மையை வஞ்சகமாக மறைத்திருந்தால் அந்தத் திருமணம் செல்லாது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் (விதி 1098).

நோயாளியிடம் புற்றுநோய் என்பதை மறைப்பது அன்பில்லையா?

மறைப்பவர்களின் நோக்கம் அன்புதான், சந்தேகமில்லை. விளைவு பெரும்பாலும் தனிமை. வார்டு வாசலில் எழுதியிருப்பதையும் மகளின் அழுத கண்ணையும் பார்த்து நோயாளி தானே தெரிந்துகொள்கிறார். நமக்காக அவரும் தெரியாததுபோல் நடிக்கிறார். ஒரே அறையில் எல்லாரும் தனித்தனியே அழுகிறார்கள்.

சாகும் நிலையில் கிடந்த எசேக்கியா ராஜாவிடம் ஏசாயா தீர்க்கதரிசி, உம்முடைய வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்தும் என்றார். வியாதியின் உண்மை தெரிந்தால் மனிதர் செய்ய விரும்பும் காரியங்கள் உண்டு: பேசாதிருக்கும் தம்பியோடு ஒப்புரவாவது, பட்டாவைச் சரிசெய்வது, நற்கருணையோ நோயில்பூசுதலோ தெளிவோடு பெறுவது. மறைப்பது இந்த நாட்களைப் பறிக்கிறது.

முதலில் மருத்துவரைத் தனியே பார்த்து, நோயாளியிடம் சொல்வது யார் என்று முடிவு செய்யுங்கள். உறவினர் ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்வதுதான் மிக அதிகமாக நடக்கும் கோளாறு. நோயாளிக்கு நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். உட்கார்ந்து பேசுங்கள். "டாக்டர் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?" என்று கேட்டு அவருக்குத் தெரிந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். "எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்களா, இல்ல நாங்க பார்த்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். "நீங்களே பார்த்துக்குங்க" என்றால் அந்த விருப்பத்தை மதியுங்கள். கேட்க விரும்பினால் ஒரே வாக்கியத்தில் நோயின் பெயரைச் சொல்லி நிறுத்துங்கள். பிறகு வரும் மௌனத்தை வசனம் சொல்லி நிரப்பாதீர்கள். இத்தனை மாதம் என்ற கணக்கை நீங்கள் சொல்ல வேண்டாம், அது மருத்துவர் பேச வேண்டியது.

பார்க்கப்போகும் விசுவாசிகளுக்கும் ஒன்று. "கர்த்தர் சுகம் தரட்டும்" என்பது விண்ணப்பம். "உங்களுக்குச் சுகமாயிடுச்சு, மருந்தை நிறுத்துங்க" என்பது செய்தி, அதுவும் தெரியாத செய்தி. விண்ணப்பத்தைச் செய்தியாக மாற்றிச் சொன்னதால் சிகிச்சையைக் கைவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அந்த எல்லையைத் தாண்டாதீர்கள்.

உயிரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா? "பொய்மையும் வாய்மை யிடத்த" என்று குறளே சொல்கிறதே?

குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறது 292-ம் குறள். திருச்சபைக்குள் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை.

எபிரெய மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் ஆண்குழந்தைகளைக் கொல்லாமல் விட்டு, பார்வோனிடம் சாக்குச் சொன்னார்கள். தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார். ராகாப் வேவுகாரரை ஒளித்துவைத்துத் திசைதிருப்பினாள். புதிய ஏற்பாடு அவளைப் புகழ்கிறது, ஆனால் புகழ்வது அவள் விசுவாசத்தையும் அவர்களை ஏற்றுக்கொண்டதையும். சொன்ன பொய்யைப் பற்றி அங்கே பேச்சில்லை. இதை வைத்துக்கொண்டு, கொலைகாரனுக்கு உண்மையைப் பெற உரிமை இல்லை, ஆகவே அவனிடம் பொய் சொல்வது குற்றமில்லை என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள்.

புனித அகுஸ்தீன் இதை ஏற்கவில்லை. பொய்யைப் பற்றி இரண்டு தனி நூல்களே எழுதியவர் அவர். தகாஸ்தே நகர ஆயர் பிர்முஸை எடுத்துக்காட்டாகத் தருகிறார். தான் ஒளித்துவைத்த ஒருவனைத் தேடிப் பேரரசரின் ஆட்கள் வந்தபோது, பொய்யும் சொல்லமாட்டேன், அவனைக் காட்டியும் கொடுக்கமாட்டேன் என்றார் ஆயர். வதைத்தும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பேரரசரே வியந்து அவனுக்கு மன்னிப்புக் கொடுத்தார்.

எங்கள் கருத்து: கதவைத் தட்டும் கொலைகாரன் முன் நிற்பவரை நாம் நியாயம் தீர்க்கத் தேவையில்லை. நம்மில் பலருக்கு வாழ்நாளில் அந்த இக்கட்டு ஒருமுறைகூட வராது. அதை முன்வைத்து, ஆபீசுக்குப் பாட்டி செத்துப்போனதாக லீவு லெட்டர் எழுதுவதை நியாயப்படுத்த முடியாது.

நான் சொல்வது உண்மைதான். அதை மற்றவர்களிடம் சொன்னால் எப்படிப் புறங்கூறல் ஆகும்?

இல்லாததைச் சொன்னால் அவதூறு. உள்ள குறையைத் தக்க காரணமில்லாமல், அது தெரியாதவரிடம் சொன்னாலும் பெயர் கெடுகிறது, அதுவும் குற்றமே. லுத்தரின் 1529-ம் ஆண்டுச் சிறிய ஞானோபதேசம் இந்தக் கட்டளைக்கு எழுதிய விளக்கத்தில், அயலானைக் குறித்து நல்லதைப் பேசவும், அவன் செய்ததையெல்லாம் இயன்றவரை நல்லவிதமாக எடுத்துக்கொள்ளவும் சொல்கிறது.

சபைகளில் இது ஜெபக்குறிப்பு என்ற உருவில் வருகிறது. "அந்த அக்கா குடும்பத்துக்காக ஜெபிங்க, அவங்க மகன்..." என்று தொடங்கி முழுக்கதையும் வெளியாகிறது. ஜெபக்குறிப்பு கொடுப்பவர் அந்த வீட்டாரிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் "ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக" என்பது போதும், பெயர் கர்த்தருக்குத் தெரியும்.

ஒரு விலக்கு உண்டு, அதை அழுத்தமாகச் சொல்கிறோம். பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர், மனைவியை அடிப்பவர், சபைப் பணத்தைக் கையாடுபவர் ஆகியோரைப் பற்றி உரியவரிடம் சொல்வது புறங்கூறல் ஆகாது. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தால் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் தெரிவிப்பது கட்டாயம். 'சபையின் பெயர் கெடும்' என்று மறைப்பதுதான் இங்கே பொய்.

சாட்சி சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் தேவனுக்குத்தானே மகிமை?

"நீங்கள் தேவனுக்காக நியாயக்கேடாய்ப் பேசவேண்டுமோ?" என்று யோபு தன் நண்பர்களைக் கேட்டார் (13:7). பொய்களை எட்டு வகையாகப் பிரித்த அகுஸ்தீன், சமய போதனையில் சொல்லும் பொய்யையே எல்லாவற்றிலும் கொடியதாக வைத்தார். காய்ச்சல் மூன்று நாளில் விட்டது என்றால் மூன்று நாள் என்றே சொல்லுங்கள். மருந்தும் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வியாபாரத்தில் பேரம் பேசுவது?

பேரம் தவறில்லை. "எனக்கே நானூறு அடக்கம்" என்று இல்லாத அடக்க விலை சொல்வதும், "பக்கத்துக் கடையில முந்நூறுக்குத் தர்றான்" என்று கேட்காத விலையைச் சொல்வதும் பொய். வாங்குகிறவன் 'நல்லதல்ல' என்று சொல்லிவிட்டு, வாங்கிப் போனபின் மெச்சிக்கொள்வதை நீதிமொழிகள் 20:14 குறித்து வைத்திருக்கிறது. "முந்நூத்தம்பதுன்னா எடுத்துக்கிறேன்" என்று நேரே கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு விலை சொல்வது பொய்க்கு இடம் தருகிறது என்று கருதியே குவேக்கர் வணிகர்கள் பொருளுக்கு ஒரே விலை வைத்து விற்றார்கள்.

சொன்ன பொய்யை எப்படித் திருத்துவது?

வாயிலிருந்து வந்த சூட்டோடு திருத்துவதுதான் எளிது. "இல்ல, நான் சொன்னது சரியில்ல. இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பல, அரை மணி ஆகும்." முதல் வாரம் கூச்சமாக இருக்கும். ஆனால் பொய்யைக் கையோடு திருத்த வேண்டிவரும் என்று நாக்குக்குத் தெரிந்தபின் அது சொல்வதையே குறைத்துக்கொள்கிறது.

பழைய பொய் என்றால், சொன்னவரிடமே போங்கள். முதல் வாக்கியத்திலேயே பொய்யைச் சொல்லுங்கள்: "போன மாசம் பணம் அனுப்பிட்டேன்னு சொன்னேன். அனுப்பல." காரணத்தை முன்னால் வைத்தால் மன்னிப்புக் கேட்பதுபோல் தொடங்கி வாதமாக முடியும். "உங்களுக்குக் கஷ்டமா இருந்திருந்தா மன்னிச்சிடுங்க" என்பதில் 'இருந்திருந்தா' வேண்டாம். பொய்யால் நஷ்டம் வந்திருந்தால் ஈடுசெய்யுங்கள், வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பக் கொடுப்பதாகச் சொன்னார். குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாலும் இந்த ஈடுசெய்யும் கடமை நீங்குவதில்லை.

பொய் சொல்லப்பட்டவர் இறந்துவிட்டார் என்றால்?

அவரிடம் சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டவர்கள் இருப்பார்கள். அவர் பெயரைக் கெடுக்கும்படி ஏதாவது சொல்லியிருந்தால், யார் யார் காதில் அது விழுந்ததோ அவர்களிடம், முக்கியமாக அவருடைய பிள்ளைகளிடம், "உங்க அப்பாவைப் பத்தி நான் சொன்னது உண்மையில்ல" என்று சொல்லுங்கள். அவர் பணம் உங்களிடம் இருந்தால் வாரிசுகளிடம் கொடுத்துவிடுங்கள், எதற்கான பணம் என்பதையும் சொல்லியே கொடுங்கள்.